மாமி சொல்ல வந்தது

என் மாமியின் இரண்டு மகன்களுக்கும் அவர்மேல் கொள்ளைப் பாசம். ஊரே சொல்லும். நானும் இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பாசம்தான் கடைசியில் அவருடைய இரண்டு கைகளையும் ஆஸ்பத்திரிக் கட்டிலோடு சேர்த்துத் துணிப்பட்டியால் கட்டி வைத்தது.

இதைக் கேட்டால் மச்சான்மார் இருவரும் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் பெயர் மர்சூக். காத்தான்குடியில் வாவியை ஒட்டிய தெருவில், என் மனைவி நிஸ்மியாவின் வீட்டில் இருக்கிறேன். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண் வீட்டுக்குப் போய்விடுவான். மாமி ஸஹீதா உம்மாவின் மூத்த மகன் அஸ்பாக் அப்படித்தான் ஏறாவூருக்குப் போனார், இளையவன் ஷாமில் ஓட்டமாவடிக்குப் போனான், நான் இங்கே வந்து சேர்ந்தேன். வீடு மகளுக்கு, வயதான காலத்தில் உம்மாவைப் பார்ப்பதும் மகள். இதுதான் நடைமுறை. ஆனால் மகள் குவைத்தில் ஒரு அரபியின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒப்பந்தம் முடியும்வரை அவளுடைய பாஸ்போர்ட் அந்த அரபியின் அலுமாரியில். ஆகவே அவளுடைய உம்மாவை நான் பார்த்தேன்.

மாமியை மருமகன் தொட்டுத் தூக்குவதில் மார்க்கத்தில் குற்றமில்லை. குளிப்பாட்ட மட்டும் பக்கத்து வீட்டுக் கைறுன்னிஸா ராத்தா வருவார். மற்றதெல்லாம் நான்தான். கஞ்சி காய்ச்சுவது, மருந்து பருக்குவது, முதுகு புண்ணாகாமல் புரட்டிவிடுவது, அவர் நோவில் ஏசினால் வாங்கிக்கட்டுவது, எல்லாம். என் சாறன் துணிக்கடை பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகுதான் திறக்கும். தேத்தண்ணிக் கடையில் கூட்டாளிமார், “என்ன மர்சூக், மாமியத் தொட்டில்ல ஆட்டி உட்டுட்டா வாற?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர்கள் யாரும் ஒரு நாளும் தங்கள் உம்மாவின் கால்நகத்தைக்கூட வெட்டியிருக்க மாட்டார்கள்.

மச்சான்மார் மாதம் ஒரு தரம் வருவார்கள். அப்பிளும் திராட்சையும் வாங்கி வருவார்கள். மாமியால் இரண்டையும் மெல்ல முடியாது. “வீடு எடுத்தவங்கதானே பாக்கோணும்” என்று மூத்தவர் ஒரு தரம் முற்றத்தில் நின்று யாரிடமோ போனில் சொன்னார். என் காதில் விழட்டும் என்றே சொன்னார்.

மாமிக்குக் கருப்பையில் தொடங்கிய கென்சர் ஈரல்வரை போயிருந்தது. கிளினிக்கில் டொக்டர் துசாந்தினி சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தைப் பார்த்தே சொன்னார்.

“அம்மா, இனி நாங்க தாற மருந்து வருத்தத்த மாத்தாது. நோவக் குறைக்கும், அவ்வளவுதான். பேசேலாத ஒரு நேரம் வரும். அப்ப என்ன செய்யோணும், என்ன செய்யப்படாது எண்டு இப்பவே வீட்டு ஆக்கள் எல்லாரையும் வெச்சுச் சொல்லிப்போடுங்க. உங்களுக்காக ஆர் பேசுறது எண்டும் சொல்லுங்க.”

மாமி அழவில்லை. ஓட்டோவில் வரும்போது பாலம் தாண்டும்வரை வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“மகன், உங்கட மாமா மவுத்தாகக்குள்ள நான் பக்கத்துல இரிந்தன். காதுல களிமாச் சொல்லிக் குடுக்கன். அவரு என்னப் பாக்காரு. வாய்க்குள்ள குழாய். நாக்க அசைக்க ஏலா. அஞ்சு நேரம் தொழுத மனிசன், கடைசி நேரத்துல அந்த வார்த்தையச் சொல்ல வாயில்லாமப் போன. அந்தக் கண்ண நான் எப்பிடி மறக்கிற?”

அல்லாஹ் ஒருவனே என்று சாட்சி சொல்லும் களிமா கடைசி மூச்சில் நாக்கில் இருக்க வேண்டும் என்பதுதான் எங்களில் எல்லோருடைய ஆசையும்.

“எனக்கு அது வேணா. ஆஸ்பத்திரியும் வேணா, குழாயும் வேணா. என்ட ஊட்டுல, என்ட ஜன்னலடியில கிடக்கன். எனக்கு இந்த வாய மட்டும் உட்டு வைங்க. ஒரு தரம் சொல்லிட்டுப் போறன்.”

“மச்சான்மார்ட்ட நீங்களே சொல்லுங்க மாமி. நான் சொன்னா எடுபடா.”

“ஓம், கூப்பிடுங்க. வெள்ளிக்கிழம ஜும்ஆக்குப் புறகு எல்லாரும் சாப்பிட வரட்டும்.”

அந்த வெள்ளிக்கிழமைச் சமையலை மாமி கட்டிலில் கிடந்தபடியே நடத்தினார். இறைச்சிக்கு எவ்வளவு மிளகு என்று அங்கிருந்து சத்தம் போடுவார், அடுப்படியில் கைறுன்னிஸா ராத்தாவும் நானும் ஓடுவோம். அஸ்பாக் மச்சான் மனைவியோடும் மகள் அம்னாவோடும் வந்தார். ஷாமில் தனியாக வந்தான். சாப்பாடு முடிந்து எல்லோரும் மாமியின் அறையில் பாய் விரித்து உட்கார்ந்ததும் மாமி தொண்டையைச் செருமினார்.

“மகன்மாரே, எனக்கு ஒரு கதை சொல்லோணும். நான் மவுத்தாகப் போற நேரம்...”

“உம்மா!” அஸ்பாக் மச்சான் கையை நீட்டி மறித்தார். “வாயக் கழுவுங்க. என்ன கதை இது? நூறு வருசம் இரிப்பீங்க.”

“அத உடு மகன். டொக்டர் சொன்னா...”

“டொக்டர் என்ன அல்லாஹ்வா? அவங்களுக்கு என்ன தெரியும்?”

“மாமி, அப்பிடிச் சொல்லப்படா, பறக்கத் இல்லாமப் போகும்” என்றாள் மருமகள். ஷாமில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போன் வந்ததுபோல வெளியே போனான். வரவேயில்லை.

மாமி விடவில்லை. மூன்றாம் தரமும் தொடங்கினார். “நான் பேசேலாமப் போனா மர்சூக் சொல்றதுதான் என்ட சொல்லு” என்றார். அஸ்பாக் மச்சான் அதற்குள் எழும்பிவிட்டார். மக்காவுக்கு உம்றாப் பயணம் போகப் பேர் கொடுத்திருக்கிறாராம், கஃபாவைப் பிடித்து அழுது துஆக் கேட்பாராம், வரும்போது உம்மா எழும்பி நடப்பாராம். குனிந்து உம்மாவின் நெற்றியில் முத்தம் கொடுத்தார். மாமி மறுபடி வாய் திறப்பதற்குள் அவர்களுடைய வாகனம் தெருமுனை திரும்பிவிட்டது.

மாமி என்னைப் பார்த்தார்.

“பாத்தீங்களா மகன்? என்ட மவுத்தப் பத்திப் பேச எனக்கே உத்தரவு இல்ல.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாகனத்தைத் துரத்திப் போய்க் கல்லெறிய வேண்டும்போல் இருந்தது.

அதற்குப் பிறகு மாமி தேய்ந்துகொண்டே போனார். சாப்பாடு நின்றது. பிறகு விழுங்குவதும் நின்றது. டொக்டர் துசாந்தினி சொல்லித்தந்தபடி பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டையும் நாக்கையும் ஈரமாக்கிக்கொண்டிருந்தேன். மருந்து வேலை செய்தது. முகத்தில் நோவு இல்லை. கட்டில் ஜன்னலடியில், வாவிப் பக்கம் பார்த்தபடி கிடந்தது. தொழும் திசையான கிப்லாவும் அந்தப் பக்கம்தான். நிஸ்மியா அரபி வீட்டுக் குளியலறைக்குள் ஒளிந்து நின்று போனில் யாஸீன் ஓதுவாள், நான் போனைத் தலையணையில் வைப்பேன். மாமியின் விரல் தாளம் போடுவதுபோல் அசையும். இப்படியே இரண்டொரு நாளில் அமைதியாகப் போயிருப்பார்.

அப்போதுதான் உம்றா முடித்த அஸ்பாக் மச்சான், விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குக்கூடப் போகாமல், மக்காவின் ஸம்ஸம் தண்ணீர்ப் போத்தலோடு நேரே உம்மாவிடம் வந்தார். ஷாமிலும் கூட வந்தான். என் கையில் பஞ்சைக் கண்டதும் மச்சானின் முகம் மாறிப்போனது.

“என்ன இது? தண்ணி குடுக்காமப் பஞ்சால தடவுறியா? பட்டினி போட்டா கொல்றாய்?”

“மச்சான், மாமிக்கு விழுங்க ஏலா. ஊத்தினா நெஞ்சுக்குள்ள போயிரும். டொக்டர்...”

“இது ஸம்ஸம். இது நோய் தீர்க்கிற தண்ணி. உனக்கு ஈமான் இல்லாட்டி ஒதுங்கு.”

ஸம்ஸமின் பறக்கத்தில் எனக்கும் சந்தேகமில்லை. பஞ்சில் நனைத்து வைத்தாலும் அது ஸம்ஸம்தான். அதைச் சொல்ல வாய் திறந்தேன். அவர் என்னைத் தோளால் தள்ளிவிட்டு, உம்மாவின் தலையைத் தூக்கி, “பிஸ்மில்லாஹ், குடிங்க உம்மா, உங்களுக்காகச் சுமந்து வந்த” என்று கோப்பையை வாயில் சரித்தார்.

மாமிக்குப் புரையேறியது. கண் பிதுங்கியது. முகம் நீலம் பாரித்தது. நான் பாய்ந்து அவரைப் பக்கவாட்டில் புரட்டி முதுகில் தட்டினேன். தண்ணீர் கொஞ்சம் வந்தது, மிச்சம் உள்ளே நின்று கரகரத்தது. மச்சான் கையில் கோப்பையோடு நின்றார். அடுத்த நிமிடம் போனை எடுத்து ஆம்புலன்ஸுக்கு அடித்தார்.

“வேணா மச்சான். மாமிட சொல்லு அது இல்ல. ஆஸ்பத்திரி வேணா எண்டுதான் சொன்னா.”

“எனக்குச் சொல்லல்ல.”

“சொல்ல உட்டீங்களா?”

அவர் வாசலுக்கு நடந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. நான் கட்டிலைப் பிடித்தேன். ஷாமில் என் கையைப் பிடித்து இழுத்தான். இரண்டு மகன்மாரும் சேர்ந்து உம்மாவைக் கொண்டுபோனார்கள். தெருவே வந்து பார்த்தது. நல்ல மகன்மார் என்று பேசிக்கொண்டிருந்திருக்கும்.

பட்டணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பேர் எதற்கு? அவர்கள் செய்தது அவர்களுடைய தொழில். மறுநாள் காலையில் உள்ளே போய்ப் பார்த்தேன். மூக்கால் குழாய். வாயை மூடி ஒக்சிஜன் முகமூடி, பின்தலையில் இறுக்கிய பட்டி. மாமி அதைப் பிடுங்கினாராம். ஆகவே இரண்டு மணிக்கட்டையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவர் கையை அசைக்கப் பார்த்தார். பட்டி விடவில்லை. அந்தக் கண்ணை நான் பார்த்தேன். மாமாவின் கண்ணை மாமி எப்படிப் பார்த்திருப்பார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வோர்ட் டொக்டர் வந்தார். “மூச்சு இன்னும் குறைஞ்சா வாயால குழாய் போட்டு மெசினில வைக்கோணும். பின்னேரத்துக்குள்ள முடிவு சொல்லுங்க” என்றார்.

“குழாய் வேணாமெண்டு அவங்களே என்னட்டச் சொன்ன டொக்டர்.”

“நீங்க ஆரு?”

“மருமகன்.”

“மகன்மார் வெளியில இருக்காங்கதானே? அவங்க சொல்லட்டும்.”

உம்மாவுக்கு எந்தப் பக்கம் புரட்டினால் நோகும், எந்த ஓதலுக்கு விரல் அசையும் என்று அந்த மகன்மாருக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் மகன்மார். நான் வந்தவன்.

வெளியே வாங்குப் பலகையில் அஸ்பாக் மச்சான் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார்.

“மச்சான், குழாய் போட உடாதீங்க. ஊட்ட கொண்டு போவம். மாமிட வாய உடுங்க. களிமாச் சொல்லோணுமெண்டு கெஞ்சின மனிசி.”

“உசிரக் காப்பாத்துறது கடமை. கையக் கட்டிட்டு உம்மாவச் சாக உடச் சொல்றியா?”

“கையக் கட்டி வெச்சது நான் இல்ல, நீங்கதான். போய்ப் பாருங்க உள்ளுக்க!”

“சத்தம் போடாத! நீ பாத்த பார்வ காணும். மெசினில வைக்கத்தான் போறம்.”

அதோடு என் பொறுமை போனது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன்.

“சரி, வைங்க. மெசினில வெச்சே மவுத்தாக்குங்க. ஆனா ஜனாஸாவ என்ட வாசலுக்குக் கொண்டு வரப்படா. கேட்டப் பூட்டிட்டுத் திறப்ப வாவியில எறிவன். மையத்த ஏறாவூருக்குக் கொண்டு போங்க, உங்கட பொண்டாட்டி ஊட்டுக்கு. ஏலாட்டி ஓட்டமாவடிக்கு. உங்கட மாமனார்ட்ட உத்தரவு கேட்டு, அங்க வெச்சுக் குளிப்பாட்டுங்க. காத்தான்குடி ஆக்கள் அங்க வருவாங்க.”

மச்சானின் கையில் தஸ்பீஹ் நின்றது.

என்ன சொல்கிறேன் என்று அவருக்கு விளங்கியது. ஆண்பிள்ளைக்கு எங்கள் ஊரில் வீடு கிடையாது. உம்மாவின் மையத்தைக் கிடத்த அவருக்கு உலகத்தில் சொந்தமாக ஒரு துண்டு நிலமில்லை, நான் இருக்கிற அந்த வீட்டைத் தவிர. உம்மாவின் ஜனாஸா மகளின் வாசலிலிருந்து எழும்பாவிட்டால் இரண்டு மகன்மாரும் தலை நிமிர்ந்து பள்ளிக்குப் போக முடியாது.

உண்மையில் பூட்டியிருப்பேனா? மாட்டேன். மாமியைத் தெருவில் வைத்திருப்பேனா? ஆனால் அது அவருக்குத் தெரியாது, நானும் தெரியவிடவில்லை.

“ஊட்டப் பூட்ட நீ ஆரு?” என்று மச்சான் எழும்பினார். “அது என்ட தங்கச்சிட ஊடு. இப்பவே கேக்கன்.” போனைச் சத்தமாகப் போட்டு நிஸ்மியாவை எடுத்தார். “உன்ட புரிசன் என்ன சொல்றான் தெரியுமா? உம்மாட மையத்த ஊட்டுக்குள்ள எடுக்க உடமாட்டானாம்!”

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. நான் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

“பூட்டச் சொன்னதே நான்தான் காக்கா” என்றாள் நிஸ்மியா.

மச்சான் போனை வெறித்துப் பார்த்தார்.

“உம்மா உசிரோட வந்தா கதவு தொறந்து இரிக்கும். நீங்களும் வரலாம். குழாயோட மையத்தாக் கொண்டு வந்தா உங்கட பொண்டாட்டிமார்ட வாசலுக்குப் போங்க. எனக்கு வர ஏலா காக்கா. என்ட உம்மாவ ஒருக்காத் தொட ஏலா. அவக்காகப் பேசுற ஒரே ஆள் அவருதான். அவருட சொல்லக் கேளுங்க.” அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. அழுகை மட்டும் அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது.

ஷாமில்தான் முதலில் உடைந்தான். “காக்கா, உம்மாவ ஊட்ட கொண்டு போவம்” என்றான். மச்சான் தஸ்பீஹைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு டொக்டரிடம் போனார்.

பகல் சாப்பாட்டு நேரத்துக்கு மாமி தன் ஜன்னலடிக்கு வந்துவிட்டார். டொக்டர் துசாந்தினி போனில் சொன்னபடி மருந்து கொடுத்தேன். கரகரப்பு அடங்கியது. மணிக்கட்டில் பட்டி இறுக்கிய இடம் கன்றிக் கறுத்திருந்தது. நான் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவினேன். மச்சான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிட்ட வரவில்லை.

அஸர் தொழுகைக்குப் பிறகு மூச்சு மாறியது. போனைத் தலையணையில் வைத்தேன். நிஸ்மியா களிமாவைச் சொல்லத் தொடங்கினாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. நான் பஞ்சை ஸம்ஸமில் நனைத்து மச்சானிடம் நீட்டினேன்.

“ஊத்தாதீங்க. உதட்டுல வைங்க.”

அவர் வைத்தார். எனக்கு அப்போதும் அவர்மேல் இரக்கம் வரவில்லை.

மாமியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அந்தத் தொண்டையில் சத்தம் வர என்ன மிச்சம் வைத்தார்கள்? ஆனால் நாக்கு மேலே போய் அண்ணத்தைத் தொட்டு இறங்கியதை நான் பார்த்தேன். ஷாமிலும் பார்த்தான். கடைசிவரை சொன்னார். அதன் பிறகு மூச்சு ஒன்றிரண்டுதான்.

ஜனாஸாவைக் குளிப்பாட்டிய கைறுன்னிஸா ராத்தா வெளியே வந்து, “கையில என்ன இது தழும்பு?” என்று கேட்டார். வாசல் நிறைய ஆட்கள். “அஸ்பாக் மச்சான்ட்டக் கேளுங்க” என்றேன். ராத்தா பொல்லாதவர். போய்க் கேட்டேவிட்டார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார்.

ஊர் கேட்குமா? அடக்கம் முடிந்த மறுநாள் முற்றத்தில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள், “மகன் எண்டா இவன்தான் மகன், உம்றாவால நேரா வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கினானே” என்றார்கள். “மருமகன் இடையில கொண்டு வந்துட்டானாம். அவனுக்கென்ன, பெத்த உம்மாவா?” என்றும் ஒருவர் சொன்னார். நான் அவருக்கு நேரே தேத்தண்ணித் தட்டை டக்கென்று வைத்துவிட்டு வந்து வேலியோரக் கதிரையில் உட்கார்ந்தேன்.

அஸ்பாக் மச்சான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மர்சூக்,” என்றார். “எனக்கும் சீனி வருத்தம். கிட்னி பழுதாப் போற எண்டு சொல்லியிரிக்காங்க. எனக்கு இப்பிடி ஒரு நேரம் வந்தா என்னயும் அங்க கொண்டு போக உடாத. நீ சொல்லு.”

“என்னட்டச் சொல்லாதீங்க. ஏறாவூர்ல என்ட சொல்லு எடுபடுமா? இஞ்சயே எடுபடல்ல. உங்கட ஊட்டு ஆக்கள்ட்டச் சொல்லுங்க. அவங்க கேக்காங்களா பாப்பம்.”

அவர் அடுப்படிப் பக்கம் பார்த்து மகளைக் கூப்பிட்டார். அம்னா தட்டோடு வந்து நின்றாள்.

“மகள், வாப்பாக்கு ஒரு கதை சொல்லோணும். நான் மவுத்தாகப் போற நேரம்...”

“வாப்பா!” தட்டில் இருந்த கோப்பைகள் கிலுங்கின. “என்ன கதை இது? வாயக் கழுவுங்க. இப்பதானே வாப்பும்மாவ அடக்கின. நீங்க நூறு வருசம் இரிப்பீங்க.” கண் கலங்கத் திரும்பி விறுவிறென்று நடந்தாள்.

மச்சான் வாயைத் திறந்தபடியே இருந்தார். அந்த வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

“இப்ப விளங்குதா?” என்றேன்.

அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அந்த மனிதரை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போக எனக்கு எல்லா நியாயமும் இருந்தது. போகத்தான் எழும்பினேன். ஆனால் என் கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. முற்றம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

“அம்னா! தட்ட வெச்சிட்டு இஞ்ச வா. உங்கட வாப்பா பேசி முடியல்ல. கீழ இரி. அவர் முடிக்கும் மட்டும் வாயத் தொறக்கப்படா.”

அவள் பயந்துபோய் வந்து உட்கார்ந்தாள்.

“சொல்லுங்க மச்சான்” என்றேன்.